ஏற்காடு ஏறும் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு எந்த ஆயில், எந்த ஃபில்ட்டர்?

பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயில் வேண்டும் என்று சேலத்தில் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால், மூன்று விதமான டப்பா மேஜைக்கு வரும். ஒன்று கார் கம்பெனியின் சொந்தப் பெயரில் வரும் ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். இன்னொன்று, லேபிளில் இருபது முப்பது வண்டிகளின் பெயரைப் பட்டியல் போட்ட மல்ட்டி வெஹிகிள் ஏ.டி.எஃப். மூன்றாவது, வெறுமனே டெக்ஸ்ரான் 3 என்று எழுதிய சிவப்பு ஆயில். கூடவே ஃபில்ட்டர், சம்ப் (கியர்பாக்ஸுக்கு அடியில் உள்ள ஆயில் தட்டு) பேக்கிங், ஓ-ரிங் மூன்றும் சேர்ந்த ஒரு கிட். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம், நல்ல சாமானாகவே இருந்தாலும் மாட்டும்போது எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். கம்பெனி ஆயில், கம்பெனி ஃபில்ட்டர், மூன்று முறை பழைய ஆயிலை இறக்கிப் புதியதை ஊற்றுவது: மலைக்குப் போய்வரும் பழைய வண்டிக்கு இதுதான் சரியான செலவு. கம்பெனி ஆயில் கிடைக்காத டொயோட்டா, ஹூண்டாய் வண்டிகளுக்கு நல்ல பிராண்டின் மல்ட்டி வெஹிகிள் ஆயில் போடலாம். ஹோண்டாவுக்கு அதுவும் வேண்டாம். பெயர் தெரியாத டெக்ஸ்ரான் 3-ஐ எந்த வண்டிக்கும் போட வேண்டாம். விலை குறைந்த கிட்டில் பேக்கிங்கை மன்னிக்கலாம், ஃபில்ட்டரை மன்னிக்க முடியாது.

இங்கே இது ஏன் இவ்வளவு முக்கியம்? சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது டார்க் கன்வர்ட்டர். அதற்குள் ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் இன்னொரு விசிறியைச் சுற்றுகிறது. தட்டையான ரோட்டில் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஆயிலுக்கு வேலை குறையும். மலைப்பாதையில் பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறும்போது அந்த லாக்-அப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. என்ஜின் தரும் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஆயிலிலேயே சூடாக மாறிவிடும். கோடை விழாக் கூட்டத்தில் நின்று நின்று ஏறும் நாள்தான் வருடத்திலேயே ஆயிலுக்கு மோசமான நாள். டி-யிலேயே விட்டுவிடாமல் லீவரை 2-க்கு இறக்கிப் பிடித்தால், கியர் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறிமாறித் தாவுவது நின்று சூடு கொஞ்சம் குறையும்.

ஆட்டோமேட்டிக் ஆயில் 80 டிகிரியை ஒட்டி ஓடும்வரை நெடுநாள் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழைய கணக்கு. ஆகவே ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்கும்போது சொன்ன பேச்சை மலைக்குப் போகும் வண்டியில் நம்பக் கூடாது. மாதம் இரண்டு முறையாவது ஏறி இறங்கும் வண்டிக்கு 40,000 கிலோமீட்டர் அல்லது மூன்று வருடம், எது முந்துகிறதோ அது. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இதைவிடத் தாராளமாக விடலாம்.

ஆயில் வாங்கும்போது நடக்கும் முதல் தப்பு, காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது. ஹோண்டா சிட்டியையே எடுத்துக்கொள்வோம். 2008-க்குச் சற்று முன் விற்ற மாடலின் ஆட்டோமேட்டிக், சி.வி.டி. (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டும் கப்பியும் கொண்ட பாக்ஸ்). 2008 கடைசியில் வந்த மாடலில் 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 2014-ல் வந்ததில் மறுபடியும் சி.வி.டி. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு. சி.வி.டி.யில் ஸ்டீல் பெல்ட் கப்பியைப் பிடிப்பதற்கென்றே தனி ஆயில் உண்டு. அதில் சாதாரண ஏ.டி.எஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியில் கோடு விழும், பிறகு அந்தப் பாக்ஸ் தேறாது. கொரோலா ஆல்டிஸிலும் இதே கதை: முதலில் 4 ஸ்பீடு, பிறகு சி.வி.டி. எனவே கடைக்குப் போகும் முன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவிப் பாருங்கள். டொயோட்டாவில் எந்த ஆயில் என்று பெரும்பாலும் அந்தக் கம்பியிலேயே பொறித்திருக்கும்: டைப் டி-4 அல்லது டபிள்யூ.எஸ். இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்லிக் கொடுப்பவரிடம் வாங்க வேண்டாம். டபிள்யூ.எஸ். மெலிந்த ஆயில், டைப் டி-4 அதைவிடக் கனமானது. டொயோட்டாவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடச் சொல்வதில்லை.

ஹூண்டாயின் பழைய 4 ஸ்பீடு பாக்ஸுக்கு எஸ்.பி.-3 என்ற ஆயில். இப்போது கடையில் அதிகம் கண்ணில் படுவது எஸ்.பி.-4, அது பின்னால் வந்த 6 ஸ்பீடு பாக்ஸுக்கு உரியது, இன்னும் மெலிந்தது. எண் கூடினால் தரம் கூடியதாக நினைத்து வாங்கிவிடுகிறார்கள். ஹோண்டாவில் பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக வந்தது டி.டபிள்யூ-1. இதை மட்டும் இசட்-1 போட்ட பழைய வண்டியிலும் தயங்காமல் ஊற்றலாம், ஹோண்டாவே அப்படித்தான் மாற்றியது.

இனி டப்பாக்கள். கம்பெனி ஆயிலின் பெரிய பலம், அந்தப் பாக்ஸில் இருக்கும் கிளட்ச் தட்டுக்கென்றே சேர்த்த மருந்து. ஆட்டோமேட்டிக்கில் ஆயிலுக்கு இரண்டு எதிரெதிர் வேலை: கியர் பல்லும் பேரிங்கும் வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டு பிடிக்க வேண்டும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடிப்பு என்பதைத்தான் ஒவ்வொரு கம்பெனியும் தனியாக அமைக்கிறது. அந்த அளவு தவறினால் 2-லிருந்து 3-க்கு மாறும்போது உதறும், அல்லது இழுவை போட்டு மாறும். ஹோண்டாவின் பாக்ஸ் மற்றவர்களுடையது போல பிளானட்டரி கியர் (ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழலும் அமைப்பு) அல்ல. மேனுவல் பாக்ஸ் மாதிரி இணை ஷாஃப்ட்டில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளட்ச். அதனால்தான் ஹோண்டாவுக்கு வேறு ஆயில் வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறோம். குறை என்றால் இரண்டு: விலை, அப்புறம் டின் அளவு. டொயோட்டா ஆயில் நான்கு லிட்டர் டின்னில் வந்தால், ஒன்பது லிட்டர் தேவைப்படும் வேலைக்கு மூன்றாவது டின்னை ஒரு லிட்டருக்காக உடைக்க வேண்டியிருக்கும். மீதியை மூடி இறுக்கி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

மல்ட்டி வெஹிகிள் ஆயிலைப் பற்றி இங்குள்ள மெக்கானிக்குகளிடம் இரண்டு கட்சி. எங்கள் கணிப்பில், பெரிய பிராண்டின் முழு சிந்தெடிக் மல்ட்டி வெஹிகிள் ஆயில் சூட்டைத் தாங்குவதில் பழைய டைப் டி-4-ஐவிட நல்லதே. ஆனால் இவற்றில் பல மெலிந்தவை. 100 டிகிரியில் 6 சென்டிஸ்டோக் (ஆயிலின் கனத்தைச் சொல்லும் அளவு) அளவில் நிற்கும். டைப் டி-4, எஸ்.பி.-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 7-ஐ ஒட்டி இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் பாக்ஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, பம்ப்பும் சீல் ரிங்கும் தேய்ந்த பாக்ஸில், சித்திரை வெயிலில் மலை ஏறி வந்து சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது பிரஷர் குறையும். டி-யில் போட்டதும் கார் ஒரு நொடி தயங்கும். ஏற்கெனவே அந்தத் தயக்கம் லேசாக இருக்கும் வண்டிக்கு கனமான கம்பெனி ஆயிலே போடுங்கள்.

டெக்ஸ்ரான் 3 டப்பாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஜெனரல் மோட்டார்ஸின் தரப் பெயர். 2006 கடைசியோடு அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இடத்தைப் பிடித்தது டெக்ஸ்ரான் 6. ஆகவே இன்று டெக்ஸ்ரான் 3 என்று எழுதி வரும் எந்த ஆயிலையும் ஜி.எம். சோதித்து ஒப்புக்கொள்ளவில்லை, தயாரிப்பவர் தன் பொறுப்பில் எழுதிக்கொள்வது. நல்ல கம்பெனி எழுதினால் அது நல்ல ஆயிலாக இருக்கலாம். பெயர் தெரியாத கம்பெனி எழுதினால் சாதாரண ஹைட்ராலிக் ஆயிலில் சிவப்புச் சாயம் கலந்ததாகவும் இருக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சிவப்பு நிறம் தரத்தைக் காட்டாது. லீக் ஆனால் என்ஜின் ஆயிலோடு குழம்பாமல் இருப்பதற்காகப் போட்ட சாயம் அது.

ஃபில்ட்டருக்கு வருவோம். பணம் வீணாவதும் பாக்ஸ் கெடுவதும் அதிகம் இங்கேதான். முதலில், உங்கள் வண்டியில் சம்ப்பைக் கழற்றி மாற்றும் ஃபில்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோண்டாவின் 5 ஸ்பீடு பாக்ஸில் கழற்றும் சம்ப்பே கிடையாது, சல்லடை உள்ளே பாக்ஸைப் பிரித்தால்தான் கைக்கு வரும். அந்த வண்டிக்குச் செய்யும் வேலை ஆயிலை இறக்கி ஊற்றுவது மட்டுமே. டொயோட்டா வகைகளில் சம்ப்பைக் கழற்றினால் வால்வ் பாடிக்கு (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பகுதிக்கு) அடியில் தட்டையான தகர டப்பா போல மூன்று நான்கு போல்ட்டில் தொங்கும். அதற்குள் சல்லடை அல்லது ஃபெல்ட் துணி. பம்ப் இதன் வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சும்.

கம்பெனி ஃபில்ட்டரையும் விலை குறைந்த நகலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தகரத்தின் இரு பாதியும் சேரும் மடிப்பில் விரலை ஓட்டுங்கள். கம்பெனிச் சாமானில் மடிப்பு சுற்றிலும் ஒரே அகலத்தில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். நகலில் மூலைகளில் மடிப்பு விரிந்திருக்கும். அந்த இடுக்கு வழியே ஆயில் சல்லடையைத் தொடாமலேயே பம்ப்புக்குப் போய்விடும். ஆயில் நுழையும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஃபெல்ட்டின் ஓரத்தில் நூல் பிசிறு தொங்கினால் வாங்காதீர்கள். அந்த நூல் போய் நிற்கும் இடம் சொலினாய்டின் (ஆயில் பாதையைத் திறந்து மூடும் மின்சார வால்வின்) ஊசித்துளை. அடுத்து வாயின் உயரம். வெர்னியரால் பழையதையும் புதியதையும் அளந்து பாருங்கள். புதியது 2 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் சம்ப் தரையை ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவது தடைபடும். இதே கோளாறு நல்ல ஃபில்ட்டரிலும் வரும், சம்ப் நசுங்கியிருந்தால். பஞ்சர் போடும்போது அவசரத்தில் ஜாக்கியை கியர்பாக்ஸ் சம்ப்பில் முட்டுக்கொடுத்து ஏற்றிய வண்டிகள் நிறைய. சம்ப் கழன்றதும் அதைத் தட்டையான கல் மேல் கவிழ்த்துப் பார்த்து, நடுவில் உள்நோக்கிக் குழி இருந்தால் தட்டிச் சமன் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

சல்லடை வகை ஃபில்ட்டரைக் கழுவியே திரும்பப் போடலாம் என்பார்கள். சல்லடை கிழியாமல் இருந்தால் அது உண்மைதான். கழுவ முடியாதது ஓ-ரிங். ஃபில்ட்டரின் கழுத்து வால்வ் பாடிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் அந்த ரப்பர் வளையம் பத்து வருடச் சூட்டில் வெந்து, வட்டம் போய்த் தட்டையாகி, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அது காற்றை விட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஆயில் நுரைக்கும், கியர் தாமதமாகப் பிடிக்கும், வீ... என்று பம்ப் சத்தம் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும். இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று: பழைய ஃபில்ட்டரை இழுக்கும்போது பழைய ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டி நின்றுவிடும், அதைப் பார்க்காமல் புதிய ஓ-ரிங்கோடு புதிய ஃபில்ட்டரைத் திணிப்பார்கள். இரண்டு வளையம், எதுவும் சரியாக உட்காராது. கழற்றிய ஃபில்ட்டரின் கழுத்தில் ஓ-ரிங் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. இல்லையென்றால் அது மேலே இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் கொக்கியால் எடுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் துளையைக் கீறாதீர்கள். புதியதைக் கொஞ்சம் புது ஏ.டி.எஃப்-ல் நனைத்து நேராக அழுத்தினால் 'டொக்' என்று உட்காரும். கிரீஸ் தடவ வேண்டாம். ஃபில்ட்டர் போல்ட்டுகளின் நீளமும் ஒன்றுபோல இருக்காது. கழற்றும்போதே ஒரு அட்டையில் படம் போட்டு அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளப் போல்ட்டைக் குட்டைத் துளையில் இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

பேக்கிங்கில் கார்க்கைவிட அச்சில் வார்த்த ரப்பர் நல்லது. துளைகளில் சின்ன இரும்பு வளையம் பதித்த ரப்பர் பேக்கிங் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அதிகம் இறுக்கினாலும் அந்த வளையம் தடுத்துவிடும். கார்க்கை இறுக்க இறுக்கப் பிதுங்கி ஒரு வருடத்தில் வெடிக்கும். சம்ப் போல்ட்டுகளுக்கு வண்டியைப் பொறுத்து பெரும்பாலும் 7 முதல் 11 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு விரலில் சின்ன ராட்செட்டைப் பிடித்து இறுக்கும் அளவு அது. கை முழுக்கப் பிடித்து இழுத்தால் தாண்டிவிடும். நடுவிலிருந்து குறுக்குக் குறுக்காக இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும். பேக்கிங் இருக்கும் இடத்தில் மேலே அனபாண்டும் (லீக்கை அடைக்கும் பேஸ்ட்) தடவுவது இங்கே பலருக்குப் பழக்கம். வேண்டவே வேண்டாம். பிதுங்கி உள்ளே போன துண்டு உதிர்ந்து ஃபில்ட்டர் வாயில்தான் போய் அடைக்கும். கம்பெனியிலேயே பேக்கிங் இல்லாமல் பேஸ்ட் மட்டும் போட்டு வந்த சம்ப்புக்கு மட்டும் மெல்லிய கோடாக, போல்ட் துளையைச் சுற்றி உள்பக்கமாகப் போடலாம்.

வேலை நடக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில. மலையிலிருந்து இறங்கியதும் நேரே பிட்டில் ஏற்றி ட்ரெயின் நட்டைத் திறக்கக் கூடாது, ஆயில் கையை வேகவைத்துவிடும். ஒரு மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது திறந்தால் கசடும் சேர்ந்து இறங்கும். இறக்கும் முன் டிப்ஸ்டிக் குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா, அதில் நுழையும் நீளப் புனல் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ட்ரெயின் நட்டின் வாஷர் ஒருமுறை நசுங்கியதும் அதன் ஆயுள் முடிந்தது, புதியது போடுங்கள். ஹோண்டாவின் ட்ரெயின் நட்டில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட்டின் முனையே அதில் நேராக நுழையும். இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர்.

இறங்கிய ஆயிலை லிட்டர் கோடு போட்ட கேனில் அளக்கச் சொல்லுங்கள். மூன்று லிட்டர் இறங்கியிருந்தால் மூன்று லிட்டர்தான் முதலில் ஊற்ற வேண்டும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு ஏழு லிட்டர் என்று இருப்பதைப் பார்த்து ஏழையும் ஊற்றிய கதைகள் உண்டு. மீதி நான்கு லிட்டர் டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் அப்படியே நிற்கிறது, ட்ரெயின் நட் வழியாக அது வராது.

பிறகு சம்ப்பில் இருக்கும் காந்தங்களைப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சீவல் என்றால் கியரோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத பித்தளை மினுமினுப்பு, ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்வது. கரும்பொட்டு போன்ற தகடுகள், கிளட்ச் தட்டின் மேல்பூச்சு. ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்து இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஏ.டி.எஃப் கூலர் அரித்து, கூலண்ட் கலந்துவிட்டது. கூலண்டுக்குப் பதில் உப்பு நிறைந்த போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளுக்கு இது வரும். தண்ணீர் பட்ட கிளட்ச் தட்டின் பசை விட்டுப்போகும், ரேடியேட்டரை மாற்றாமல் ஆயிலை மாற்றிப் பயனில்லை.

சம்ப்பைத் துடைக்க நூல் பிரியும் பனியன் வேஸ்ட்டோ பஞ்சு வேஸ்ட்டோ ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து, காற்றில் ஊதி உலர்த்துவது போதும். காந்தங்களை அதே இடத்தில் திரும்ப வையுங்கள். சிலர் ஃபில்ட்டருக்கு நேர் கீழே வைத்துவிடுகிறார்கள், அது வாயை அடைக்கும்.

மூன்று முறை இறக்கி ஊற்றுவதன் கணக்கு இதுதான். ஏழு லிட்டர் பாக்ஸில் ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டர் மாறினால், முதல் முறையில் 43 சதவீதம் புதிது, இரண்டாம் முறையில் 67, மூன்றாம் முறையில் 81. நான்காவது முறைக்குப் பலன் சிறியது. ஃபில்ட்டரை முதல் சுற்றிலேயே மாற்ற வேண்டும் என்பது எங்கள் கட்சி. கடைசிச் சுற்றில் மாற்றினால் சுத்தமாக இருக்கும் என்பார்கள். ஆனால் சம்ப்பைத் திறந்து காந்தத்தைப் பார்த்த பிறகுதானே மீதி ஆறு லிட்டருக்குச் செலவு செய்யலாமா என்று தெரியும்? சுற்றுகளுக்கு நடுவே 300 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆயில் கலப்பதற்கு எல்லா கியரிலும் 20 கிலோமீட்டர் போதும். மீதி தூரம், புது ஆயிலில் இருக்கும் சலவை மருந்து பழைய கசடைக் கரைப்பதற்கு.

மெஷினில் ஃப்ளஷ் செய்யும் சேவை சேலத்திலும் விளம்பரம் ஆகிறது. கூலர் குழாயைக் கழற்றி மெஷினில் இணைத்து, பழையது வெளியேற வெளியேறப் புதியதைத் தள்ளுவார்கள். ஒரே தடவையில் பெரும்பாலான ஆயில் மாறிவிடும் என்பது உண்மை. பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். குறை என்னவென்றால், பல இடங்களில் சம்ப்பைத் திறப்பதே இல்லை. பழைய ஃபில்ட்டர் வழியாகவே புது ஆயில் ஓடும், காந்தத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். முதலில் சம்ப்பைக் கழற்றி ஃபில்ட்டர் மாற்றிவிட்டு மெஷின் போடுவதாக இருந்தால் சம்மதிக்கலாம். அதற்கு முன் கிளீனர் மருந்து ஊற்றுகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். அந்தக் கரைப்பான் முழுதாக வெளியேறாது, சீல்களை ஊறவைக்கும். ஏற்கெனவே வழுக்கும், கருகல் வாடை வீசும் பாக்ஸுக்கு எந்த ஆயில் மாற்றமும் மருந்தல்ல. தட்டு தேய்ந்து போன வண்டியில் ஆயில் மாற்றிய மறுவாரம் பாக்ஸ் நின்றால் பழி புது ஆயிலுக்கு வரும். அது போகிற வழியில் இருந்த பாக்ஸ்.

கடைசியாக லெவல். இவ்வளவு நல்ல சாமானையும் வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடம். ஆயில் சூட்டில் விரியும்: 30 டிகிரியில் இருந்து 80 டிகிரிக்கு ஏழு லிட்டர் ஆயில் கால் லிட்டர் அளவுக்குப் பெருகும். குளிர்ந்த ஆயிலை டிப்ஸ்டிக்கில் உள்ள ஹாட் கோடு (சூடான ஆயிலுக்கான கோடு) வரை நிரப்பினால் ஓடும்போது கால் லிட்டர் அதிகம். சுழலும் பற்கள் அதில் மோதி நுரை அடிக்கும், பிரீதர் (காற்றுப்போக்கி) வழியாகக் கக்கும், நுரைத்த ஆயில் கிளட்ச்சை அழுத்தாது. குறைவாக இருந்தால் முதலில் தெரிவது கொண்டை ஊசி வளைவில்: வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஃபில்ட்டர் வாய் காற்றை இழுத்து, என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஒரு கணம் இழுக்காமல் நிற்கும். நேர் ரோட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும். வளைவில் மட்டும் இப்படி வந்தால் பாக்ஸைப் பிரிக்கும் முன் லெவலைப் பாருங்கள்.

பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. டொயோட்டாவில் ஆயில் 70 முதல் 80 டிகிரியில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்து பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி பி-க்கு வந்து பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடான பிறகு என்ஜினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் அளவு தவறும். சேலம் கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை போய்த் திரும்பினாலே ஊர் வெயிலில் ஆயில் சூடாகத் தொடங்கிவிடும், சம்ப்பில் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் கன் வைத்துச் சரிபார்க்கலாம். தரை சமமாக இருப்பது முக்கியம். ஏற்காட்டில் வீட்டு வாசலில் சரிவில் நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் பார்த்து ஆயில் ஊற்றினால், அளவு தவறி அதிகமாகவோ குறைவாகவோதான் போகும். மேலே சமதரை கிடைக்கவில்லை என்றால் சேலம் இறங்கி வந்து பாருங்கள். டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்து, மறுபடி நுழைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, தாழ்ந்து தெரியும் பக்கத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய ஆயில் குழாய்ச் சுவரில் வழிந்து ஒரு பக்கத்தை ஏமாற்றும்.

வேலை முடிந்த இரவு சம்ப்புக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் சிவப்புப் பொட்டு இருந்தால் எந்த மூலை என்று தெரியும். கார்க் பேக்கிங் என்றால் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறிய பிறகு போல்ட்டுகளை அதே 7 முதல் 11-க்குள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ரப்பர் என்றால் தேவையில்லை. பழைய ஒன்பது லிட்டரையும் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் மூடி, கழிவு ஆயில் வாங்குபவரிடம் போகும்படி ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் சுற்று ஆயிலில் ஒரு சின்ன பாட்டில் மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து தேதி எழுதி வைத்தால், அடுத்த வருடம் டிப்ஸ்டிக்கில் தெரியும் நிறத்தை அதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.